வரப்பை விட்டு இறங்காதே: டெல்டாவின் கொள்ளிவாய்ப் பிசாசு

என் தாத்தா வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கொள்ளிவாய்ப் பிசாசைப் பார்த்தாராம். மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே எங்கள் ஊர். ஐப்பசி மாதம், சம்பா நட்டு இருபது நாள் இருக்கும், மழை விட்டிருந்த ஒரு ராத்திரி. மடை பார்க்கப் போனவரின் அரிக்கேன் விளக்கு காற்றில் அணைந்துவிட்டது. தீப்பெட்டி நமுத்துப் போயிருந்தது. அப்படியே வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து வடிகால் பக்கம், கோரை மண்டிய இடத்தில், தரையிலிருந்து முழ உயரத்தில் ஒரு வெளிச்சம். நீலமும் இல்லை, மஞ்சளும் இல்லை என்பார். எரிந்தது, அணைந்தது, பத்தடி தள்ளி மறுபடி எரிந்தது. விடிந்து ஆள் நடமாட்டம் தெரியும் வரைக்கும் அவர் அந்த வரப்பை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

கதை முடிந்ததும் ஒரு சட்டம் வரும். "வெளிச்சத்தப் பாத்து நடக்காத. வரப்ப விட்டு எறங்காத. பேரு சொல்லிக் கூப்புட்டா திரும்பாத." சின்ன வயதில் பிசாசுதான் என் மனதில் நின்றது. சட்டத்தை யாரும் கவனிப்பதில்லை, நானும் கவனிக்கவில்லை.

கொள்ளி என்றால் எரிகிற விறகுக்கட்டை. அடுப்பிலும் கொள்ளி, சிதைக்கு வைப்பதும் கொள்ளி. வாயில் கொள்ளியை வைத்திருக்கும் பிசாசு என்பதால் கொள்ளிவாய்ப் பிசாசு. அது வாயைத் திறந்தால் நெருப்பு தெரியும், மூடினால் இருட்டு. எங்கள் பக்கம் சொல்லும் விளக்கம் இதுதான். இதைக் கட்டுக்கதை என்று தள்ளுவதற்கு முன்னால் ஒன்றைப் பார்க்கவேண்டும். விட்டு விட்டு எரிகிறது, தரையை ஒட்டி எரிகிறது, இடம் மாறுகிறது என்று மூன்று விஷயங்களைக் கண்ணால் கண்டு, அதற்குப் பொருந்துகிற மாதிரி ஓர் உருவத்தைச் செய்திருக்கிறார்கள். பார்த்தவர்கள் நன்றாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

இந்தப் பிசாசுக்கு முகவரியும் உண்டு. வீட்டுக்குள் வராது, கடைத்தெருவில் திரியாது. வடிகால் தேங்கும் பள்ளம், ஆற்றுப் படுகைச் சுடுகாடு, கோரைத்திடல், தெற்கே போனால் முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கத்துச் சதுப்பு. பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்குக் கோடிக்கரை நினைவுக்கு வரும். பூங்குழலி வந்தியத்தேவனிடம் தன் காதலர்கள் என்று காட்டுவது அந்தச் சதுப்பில் எழும் கொள்ளிவாய் நெருப்பைத்தான். கல்கி அந்தக் காட்சியை வேறு எங்கும் வைத்திருக்க முடியாது. இடமும் பிசாசும் அவ்வளவு ஒட்டிப்போனவை.

சரி, அது என்ன? பள்ளிக்கூடம் போன யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "அது மீத்தேன் வாயு சார், தானா பத்திக்கும்." இந்தப் பதிலில் முதல் பாதி சரி. இரண்டாவது பாதி கிட்டத்தட்ட இன்னொரு பேய்க்கதை.

முதல் பாதியை 1776லேயே காட்டிவிட்டார்கள். இத்தாலியின் மாஜோரே ஏரிக்கரைச் சேற்றை அலெஸ்ஸாந்த்ரோ வோல்ட்டா குச்சியால் கிளறி, மேலே வந்த குமிழிகளைப் புட்டியில் பிடித்து, அது எரியும் என்று கண்டார். பிற்பாடு மின்கலம் செய்த அதே வோல்ட்டாதான். தண்ணீருக்கு அடியில், காற்றுப் புகாத சேற்றில், இலைதழை மக்கும்போது நுண்ணுயிர்கள் இந்த வாயுவை உண்டாக்குகின்றன. இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

பற்றிக்கொள்வதில்தான் சிக்கல். மீத்தேன் தானாகப் பற்ற 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். அதுவும் காற்றில் அது ஏறக்குறைய 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் எரியும். கூடினாலும் எரியாது, குறைந்தாலும் எரியாது. ஐப்பசி மழையில் ஊறிய வயலில் அந்தச் சூடு எங்கிருந்து வரும்? இதற்காகத்தான் பாஸ்பரஸைத் துணைக்கு அழைத்தார்கள். அழுகும் உடலிலிருந்து பாஸ்பீனும் அதன் உறவு வாயு ஒன்றும் வரும், அந்த உறவு வாயு காற்றுப் பட்டாலே பற்றும், அது மீத்தேனையும் பற்றவைக்கும் என்பது வாதம். சுடுகாட்டுக்குப் பக்கத்தில் தெரிவதற்கும் இது வசதியான விளக்கம். ஆனால் இந்த வாயு சதுப்புகளில் மிகச் சொற்பமாகவே கிடைத்திருக்கிறது. அது எரிந்தால் வெள்ளைப் புகை எழும், பாஸ்பீன் கலந்த காற்றில் பூண்டு வாடையும் அடிக்கும். எங்கள் ஊர்க் கதைகளில் பிசாசுக்கு நெருப்பு உண்டு, கூந்தல் உண்டு, சில வீட்டில் கொலுசுகூட உண்டு. பூண்டு வாடை இருந்ததாக ஒருவரும் சொன்னதில்லை.

2025இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸாரேயின் குழு வேறொரு வழியைக் காட்டியது. தண்ணீருக்குள் மீத்தேனும் காற்றும் கலந்த மிக நுண்ணிய குமிழிகளை விட்டால், ஒன்றுக்கொன்று நெருங்கும் குமிழிகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியாத அளவில் மின்பொறி தாவுகிறது. அந்தப் பொறி மீத்தேனை மெல்ல எரியவைத்து மங்கலான வெளிச்சத்தையும் தருகிறது. தீக்குச்சி தேவையில்லை, சூடும் தேவையில்லை. ஆய்வகத்தில் நடந்தது வயலிலும் அப்படியே நடக்கிறதா என்பது வேறு கேள்வி. ஆனாலும் "தானா பத்திக்கும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திய இடத்தில் ஒரு சன்னல் திறந்திருக்கிறது.

இந்த வாயுவுக்குக் காவிரிப் படுகையைவிடத் தோதான இடம் தமிழ்நாட்டில் குறைவு. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கும். அதற்குப் பிறகு தை வரைக்கும் குறுவை, சம்பா, தாளடி என்று வயலில் தண்ணீர் மாறி மாறி நிற்கும். வடகிழக்குப் பருவமழை அதன்மேல் கொட்டும். தரை தட்டையாக இருப்பதால் கடைமடையில் தண்ணீர் வடிவதற்குள் அடுத்த மழை வந்துவிடும். போதாக்குறைக்கு விவசாயியே தீனியும் போட்டார். யூரியா மூட்டைகள் வருவதற்கு முன்னால், நடவுக்கு முந்தின வேலை தழை மிதிப்பது. கொளுஞ்சி, ஆவாரை, பூவரசு என்று கிடைத்த தழையை வண்டி வண்டியாக வயலில் போட்டு, முழங்கால் சேற்றில் ஆட்கள் வரிசையாக மிதிப்பார்கள். மூன்றாம் நாள் அந்த வயலில் காலை வைத்தால் கணுக்காலைச் சுற்றிக் குமிழி வரும், கூடவே அழுகல் வாடை. 1960-61இல் ஒருங்கிணைந்த தஞ்சாவூர் மாவட்டத்தில் விதை, உரம், கடன் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்த பாக்கேஜ் திட்டம் வந்த பிறகுதான் ரசாயன உரம் பரவித் தழை குறைந்தது. அதுவரைக்கும் டெல்டாவே பெரிய சாண எரிவாயுக் கலம் மாதிரிதான், மூடி மட்டும் இல்லை.

ஆனால் ஊரார் பார்த்த எல்லா வெளிச்சமும் வாயு என்று நான் நம்பவில்லை. முக்கால்வாசி வேறு என்றே தோன்றுகிறது.

சுடுகாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றுப் படுகையில் வைத்த சிதை, வரட்டியும் வைக்கோலும் போட்டு மேலே சேறு பூசி மூடியது, ராத்திரி முழுக்கக் கனன்றுகொண்டிருக்கும். ஆட்கள் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். வெட்டியான் மட்டும் இருப்பார், அவரும் நடுச்சாமத்தில் சற்று ஒதுங்குவார். காற்று திரும்பினால் வெடிப்பு வழியாக ஒரு நாக்கு எழுந்து அடங்கும். எதிர்க்கரையில் நடந்து போகிறவன் கண்ணுக்கு அது வாயைத் திறந்து மூடுகிற நெருப்பு. அந்த இடத்தில் இருப்பது நிஜமான கொள்ளிதான். பெயர் இங்கிருந்தே கிளம்பியிருக்கும் என்பது என் ஊகம்.

அடுத்தது ராத்திரி வேட்டை. தென்னங்கீற்றைச் சுருட்டிக் கட்டிய பந்தத்தோடும், வசதி வந்த பிறகு பெட்ரோமாக்ஸோடும், வயல் வாய்க்காலில் மீனும் நண்டும் பிடிக்கப் போவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஆள் தெரியாது, வெளிச்சம் மட்டும் தரையை ஒட்டி ஊர்ந்து போகும்.

மூன்றாவதுதான் சுவாரசியமானது: தண்ணீர்த் திருட்டு. தலைமடைக்காரர்கள் பகலெல்லாம் பாய்ச்சி முடித்துத் தூங்கப் போன பிறகுதான் கடைமடைக்குத் தண்ணீர் எட்டிப் பார்க்கும். ஆகவே கடைமடைக்காரனுக்குப் பாய்ச்சல் வேலை என்பதே ராத்திரி வேலை. தண்ணீர் குறைந்த வருஷத்தில் முறை வைத்து விடுவார்கள். மதகைப் பார்த்துக்கொள்ளும் பொதுப்பணித்துறை ஊழியரான லஸ்கர் அதைப் பூட்டிவிட்டுப் போவார். அவர் தலை மறைந்ததும் மண்வெட்டியோடு ஒருவன் கிளம்புவான். கையில் விளக்கு, அதை மறைக்க ஒரு முறம் அல்லது சாக்கு. மடையை வெட்டும்போது முறத்தை விலக்குவான், ஆள் சத்தம் கேட்டால் மூடுவான். வாய்க்கால் ஓரமாக எரிந்து, அணைந்து, நகர்ந்து, யாராவது நெருங்கினால் காணாமல் போகிற வெளிச்சம். மறுநாள் காலையில் "நேத்து ராத்திரி அந்தப் பக்கம் கொள்ளிவாய் நடமாட்டம்" என்று டீக்கடையில் பேச்சு வந்தால், அதை மறுத்துப் பேச அவனுக்கு என்ன தலையெழுத்தா? நாலு பேர் பயந்து அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் அவனுக்கு இன்னொரு ராத்திரி தண்ணீர்.

கதைகளில் தவறாமல் வரும் ஒரு வரி உண்டு: "முதல்ல வெளக்க அணைச்சிச்சு, அப்பறம்தான் வந்துச்சு." பிசாசு விளக்கை அணைத்துவிட்டு வருகிறது என்று எல்லோரும் சொல்வார்கள். தாத்தா கதையிலும் அதே வரிசைதான். வெகுநாள் இதை மிகைப்படுத்தல் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒருநாள் ராத்திரி மின்தடையில் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. கையில் விளக்கு இருக்கிறவன் கண் அந்த விளக்குக்குத்தான் பழகியிருக்கும். பத்தடிக்கு அப்பால் கன்னங்கரேல் என்று இருக்கும். விளக்கு போய், கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் பிடிக்கும். அதன் பிறகுதான் மங்கலான வெளிச்சம் தெரியும். வெளிச்சம் முன்னாலேயே அங்கே இருந்திருக்கலாம், விளக்குதான் மறைத்திருக்கும். சாட்சி சொன்னவர்கள் வரிசையைச் சரியாகத்தான் சொன்னார்கள், காரணத்தை மட்டும் திருப்பிப் போட்டுவிட்டார்கள்.

அது கிட்டப் போனால் விலகும் என்பதற்கும் இருட்டே காரணம். பக்கத்தில் மரமோ சுவரோ தெரியாதபோது, தனியாக நிற்கும் புள்ளி வெளிச்சத்தை உற்றுப் பார்த்தால் அது நகர்வதாகவே கண் சொல்லும். தூரமும் பிடிபடாது. ஒரு குமிழி எரிந்து அணைந்து, வேறொரு இடத்தில் இன்னொன்று எரிந்தால், ஒரே விளக்கு நடந்து போன மாதிரி இருக்கும். டெல்டாவின் தட்டைத் தரையில் வெளிச்சத்தை மறைக்க ஒரு மேடுகூடக் கிடையாது.

இவ்வளவும் வெளிச்சத்துக்கு விளக்கம். தாத்தாவின் சட்டத்துக்கு இன்னும் விளக்கம் வரவில்லை.

புகார் நகரத்துப் பேய்க்கதை ஒன்று மணிமேகலையில் இருக்கிறது. இன்றைய பூம்புகார்தான். நகரத்துக்குப் பக்கத்தில் சக்கரவாளக் கோட்டம் என்ற பெரிய சுடுகாடு. சார்ங்கலன் என்ற பையன் தனியாக அந்த வழியில் போய்விடுகிறான். அங்கே ஒரு பேய் பிணத்தின் தலையைக் கையில் ஏந்தி ஆடுவதைப் பார்த்து, அலறிக்கொண்டு வீட்டுக்கு ஓடி, பேய்க்கு என் உயிரைக் கொடுத்துவிட்டேன் என்று தாய் கோதமையிடம் சொல்லிச் செத்துவிழுகிறான். தாய் மகனைச் சுமந்துகொண்டு போய்ச் சம்பாபதித் தெய்வத்திடம் நியாயம் கேட்கிறாள், உன் காவலில் இருக்கும் ஊரில் பேய் எப்படி உயிரை எடுக்கலாம் என்று. தெய்வம் சொல்கிற பதில்: "அணங்கும் பேயும் ஆருயிர் உண்ணா." பேய் உயிரைத் தின்னாது. பையனின் பேதைமையைப் பிடிமானமாக வைத்துக்கொண்டு ஊழ்வினை வந்து உயிரைக் கொண்டுபோயிற்று என்கிறது. ஊழ்வினையை ஏற்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பதிலில் வரும் பேது என்ற சொல். மயங்குவது, கலங்குவது, திகைப்பது. பேய் இருக்கிறது என்றே அந்தத் தெய்வமும் ஒப்புக்கொள்கிறது, ஆனால் ஆளைக் கொல்வது பேது.

இதை வயலுக்குக் கொண்டுவாருங்கள். ராத்திரியில் வயல்காட்டில் ஆளைக் கொன்றவை என்னென்ன? ஆளை உள்ளே இழுக்கும் சேறான வடிகால் உளை, மழைத் தண்ணீரில் கரை தெரியாமல் நிரம்பிய வாய்க்கால், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, நண்டு வளையில் கிடக்கும் பாம்பு. வழி தவறியவன் தூரத்தில் ஒரு வெளிச்சம் கண்டால் என்ன செய்வான்? ஊர் என்று நினைத்து நேராக அதை நோக்கி நடப்பான். நேராக நடப்பது என்றால் வரப்பை விட்டு இறங்குவது. வரப்பு எவ்வளவு வளைந்து போனாலும் எங்காவது ஒரு களத்திலோ தெருவிலோ கொண்டுபோய்ச் சேர்க்கும், நேர்வழி சேற்றில் சேர்க்கும். காலையில் உளையில் கிடந்தவனைப் பார்த்து "கொள்ளிவாய் இழுத்துட்டுப் போயிடிச்சு" என்றால், அவன் செத்த விதத்தைத்தான் சொல்கிறார்கள். வெளிச்சத்தைப் பார்த்து நடக்காதே, வரப்பை விட்டு இறங்காதே. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதே என்பதும் அப்படித்தான். ஒரு சாண் வரப்பில், மழை ஈரத்தில், இருட்டில் சட்டென்று திரும்பிப் பாருங்கள், தெரியும்.

இந்தச் சட்டம் யாருக்குத் தேவைப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். மிராசுதார் ராத்திரியில் மடை பார்க்கப் போகவில்லை. போனவர்கள் பண்ணையாட்களும் குத்தகைக்காரர்களும்தான். கொள்ளிவாய்ப் பிசாசைப் பற்றிய நுணுக்கமான அறிவெல்லாம் அவர்களிடம்தான் இருந்தது. மாடிவீட்டுக் கதைகளில் மோகினி வருவாள், பிரம்மராட்சசன் வருவான். சேற்றில் எரியும் பிசாசு சேற்றில் நின்றவர்களின் சொத்து.

டெல்டாவின் மற்றப் பேய்களும் பெரும்பாலும் ஓரிடத்தில் காத்திருப்பவைதான். திருவிடைமருதூர் மகாலிங்க சாமி கோயிலில் வரகுண பாண்டியனைப் பிடித்த பிரம்மஹத்தி கிழக்கு வாசலில் நின்றுவிட்டது. அவன் மேற்கு வாசல் வழியாக வெளியேறித் தப்பித்தான். இன்றைக்கும் கிழக்கே நுழைந்தவர்கள் பலர் அந்த வழியே திரும்புவதில்லை. பிரம்மஹத்தி அங்கே இன்னும் காத்திருக்கிறதாம். புளியமரத்து முனியும் அப்படித்தான். இதற்கும் ஒரு விஞ்ஞான விளக்கம் வைத்திருக்கிறார்கள், புளியமரம் ராத்திரியில் கரியமில வாயுவை விடும், அடியில் படுத்தால் மூச்சு முட்டும் என்று. ராத்திரியில் எல்லா மரமும்தான் விடுகிறது. திறந்த வெளியில் அது ஆளை மூச்சடைக்க வைக்கிற அளவு சேராது. பக்கத்தில் படுத்திருக்கிற மச்சான் விடுவதே அதிகம்.

இப்போது கொள்ளிவாய்ப் பிசாசை யாரும் பார்ப்பதில்லை. வாயு நின்றுவிட்டதா என்றால், இல்லை. தண்ணீர் நிற்கும் நெல்வயலிலிருந்து இன்றும் மீத்தேன் வெளியேறிக்கொண்டுதான் இருக்கிறது. அதைக் குறைக்கத்தான் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டச் சொல்கிறார்கள், வயலைக் காயவிட்டுப் பிறகு பாய்ச்சினால் நுண்ணுயிர்களுக்குத் தோதான காற்றில்லாச் சேறு கிடைக்காது. காணாமல் போனது இருட்டுதான். 1990இல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது, பம்புசெட்டுகள் பெருகின, மோட்டார் கொட்டகை வாசலில் ஒரு குண்டு பல்பு ராத்திரி முழுக்க எரிந்தது. கொஞ்ச காலம் மும்முனை மின்சாரம் ராத்திரியில் வருகிறதே என்று ஆட்கள் வயலுக்கு நடந்தார்கள், டார்ச் லைட்டோடு. இப்போது மொபைலிலேயே மோட்டாரைப் போடுகிறார்கள். வரப்பில் இருட்டில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க ஆள் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், மீத்தேன் என்ற சொல்லைக் கிழவிகள் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது கொள்ளிவாய்ப் பிசாசு இல்லை. மன்னார்குடி வட்டாரத்தில் பூமிக்கடியில் நிலக்கரிப் படுகையில் இருக்கும் மீத்தேனை எடுக்க 2010இல் ஒப்பந்தம் போட்டபோதுதான் அந்தப் பெயர் ஊர் ஊராக வந்தது. அது ஆழத்தில் இருக்கிற வேறு மீத்தேன், வயல் குமிழிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நிலத்தடி நீரை உறிஞ்சி வெளியேற்றினால்தான் அதை எடுக்கமுடியும் என்பதுதான் விவசாயிகளின் பயம். திட்டத்துக்கு எதிரான பிரச்சாரத்தில் இருந்தபோதுதான் 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைப் பக்கம் அத்திவெட்டியில் இயற்கை வேளாண் விஞ்ஞானி நம்மாழ்வார் இறந்தார். 2015இல் மாநில அரசு திட்டத்துக்குத் தடை போட்டது, 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. அந்த நாட்களில் எங்கள் ஊர்க் கூட்டம் ஒன்றில் ஒரு பெரியவர் மைக்கைப் பிடித்து, "கொள்ளிவாய்க்குப் பயந்த ஊர்தான் இது, இதுக்கும் பயப்படத்தான் செய்வோம், பயப்படுறதுல ஒண்ணும் தப்பில்ல" என்று சொல்லிவிட்டு இறங்கினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

கல்லூரியில் படித்தபோது வோல்ட்டா செய்ததை நானும் செய்து பார்த்தேன். எங்கள் வயலை ஒட்டிய வடிகாலில், பொழுது சாய்ந்த பிறகு, அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலை மூடி மேலே இருக்கும்படி அமிழ்த்திப் பிடித்துக்கொண்டு, மூங்கில் கழியால் சேற்றைக் கிளறினேன். குமிழிகள் கொடகொடவென்று மேலே வந்தன. கால் பாட்டில் வாயு சேர்வதற்குள் கை கடுத்துவிட்டது. வாய்ப்பக்கம் மூடியைத் திருகித் திறந்து தீக்குச்சியைக் காட்டினேன். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது குச்சிக்குப் பாட்டிலின் கழுத்தில் வெளிறிய நீலத்தில் ஒன்று எழுந்து நின்றது. சத்தம் இல்லை, சூடும் கைக்குத் தெரியவில்லை. நன்றாகப் பார்க்கலாம் என்று இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தேன், தொடைவரை உளை இழுத்தது.

வரப்பில் நின்றுகொண்டிருந்த சித்தப்பா டார்ச்சை என் முகத்தில் அடித்தார். நீலம் அந்த வெளிச்சத்தில் மறைந்துவிட்டது.

"அங்க என்னத்தடா பாக்குற? மொதல்ல வரப்புல ஏறு."